மூச்சும் கேட்கும்

பிப்ரவரி 9

கடல் தாண்டிக் குரல் அனுப்பும் கம்பெனி முதலாளியாகிய என் தம்பி துரைக்கு, கால்சட்டைக்குக் கால் குறைக்கும் அக்கா எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்கவில்லை, கவனித்துக்கொள்.

காகிதத்தைப் பார்த்ததும் பதறியிருப்பாய். யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை. நீ கூப்பிட்டபோதெல்லாம் போன் என் தையல் மெஷின் மேல்தான் கிடந்து துடித்தது. நானும் அதன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். எடுக்கத்தான் கை வரவில்லை. ஏன் என்று எழுதுகிறேன், நிதானமாகப் படி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவள் எழுத்து, கோழி கிண்டின மாதிரிதான் இருக்கும்.

போன வாரம் கடைக்கு ஒருத்தர் பேன்ட்டோடு வந்தார். துறைமுக ஆபீசில் வேலையாம். முக்காலி மேல் ஏறி நிற்கச் சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்து சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா நிற்கத் தெரியாத மனுஷர். அவராகவே ஆரம்பித்தார்.

"நேத்து எங்க ஆபீசுக்கு ஒரு கம்பெனிக்காரங்க வந்தாங்க அக்கா. இன்டர்நெட்ல பேசுற சமாசாரம். நடுக்கடல்ல லைன் நூல் மாதிரி இருந்தாக்கூட, மூச்சு விடுறது வரைக்கும் கேக்குமாம். எவன் நம்புறான்? ஆனா ஒரு பொம்பளை பேசினதைப் போட்டுக் காட்டினாங்க பாருங்க..."

"அப்படி என்ன பேசினா?"

"கப்பல்ல சமையல் வேலை பாக்குற புருஷன்கிட்ட பேசுது. 'உப்பு பத்தலைன்னு கேப்டன் கத்துறாரா? சுத்தியும் கடலை வச்சுக்கிட்டு உப்புக்கு அல்லாடுறீங்களே, ஒரு கரண்டி மோந்து ஊத்துங்க'ன்னு சொல்லிச் சிரிக்குது. நாங்களும் சிரிச்சோம். சிரிச்சு முடிக்கலை, அந்தம்மா அழ ஆரம்பிச்சிடுச்சு. சத்தமே இல்லைக்கா. மூச்சு மட்டும்தான். ரொம்ப நேரம். எங்க பெரிய ஆபீசருக்கே கண்ணு கலங்கிப்போச்சு. பாவம், யாரு பெத்த பொண்ணோ."

யார் பெற்ற பெண் என்று உனக்குத் தெரியும். உன்னைப் பெற்றவள்தான் அவளையும் பெற்றாள்.

அந்த மனுஷர் பேன்ட்டில் ஒரு காலைச் சரியாக வெட்டினேன். இன்னொரு காலை முட்டிக்குக் கொஞ்சம் கீழே வெட்டிவிட்டேன். அவர் பார்த்துவிட்டு, "ஒரு காலுக்கு வெயில் காலம், ஒரு காலுக்குக் குளிர் காலமா?" என்று கேட்டார். நல்ல மனுஷர். நானும் சிரித்து வைத்தேன்.

நீயும் எப்போதும் டை கட்டித் திரிகிற உன் பார்ட்னரும் டயர் கடை மாடியில் உட்கார்ந்து அந்தச் சாஃப்ட்வேரைச் செய்துகொண்டிருந்தபோது என்ன சொன்னாய்? "சோதனை பண்ண ஆள் வேணும்கா. மாமாதான் நடுக்கடல்ல இருக்காரே, நீங்க ரெண்டு பேரும் தினம் இதுல பேசுங்க, அது போதும். பேசினது கொஞ்ச நாள் மெஷின்ல தங்கும். சத்தம் எப்படி வருதுன்னு பாத்துட்டு அழிச்சிடுவோம்." தலையாட்டினேன். நீ சொல்லி நான் எதற்குத் தலையாட்டவில்லை?

கேட்க ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் பொம்பளை நானா? இல்லை என்று எழுதினாலும் நம்பிவிடுவேன் போலிருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கே என் மேல் சிரிப்பு வருகிறது.

அக்கா

*

பிப்ரவரி 17

அக்காவுக்கு,

ஆமாம். நீதான்.

போன் என்றால் ஏதாவது சொல்லி உன்னைச் சிரிக்க வைத்திருப்பேன். காகிதத்தில் எனக்கு அந்த வித்தை தெரியாது.

நம் சாஃப்ட்வேர் நல்லது, அக்கா. அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. மற்ற கம்பெனிகளின் சாஃப்ட்வேர், ஆள் பேசாமல் இருக்கிற நேரத்தை வெறும் காலியிடம் என்று வெட்டி எறிந்துவிடும். லைன் மிச்சமாகும் என்று அவர்களுக்கு நினைப்பு. நம்முடையது வெட்டாது. தயக்கம், பெருமூச்சு, தொண்டையைச் செருமுவது எல்லாவற்றையும் மடித்துச் சுருக்கி அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆள் நம் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருப்பது அதனால்தான்.

ஆனால் இதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. எத்தனை ஊர், எத்தனை ஆபீஸ்! பார்ட்னர் டையைச் சரிசெய்துகொண்டு "ஒன்று, இரண்டு, மூன்று, கேட்கிறதா?" என்பார். "கேக்குது. எங்க போன்லயும்தான் கேக்குது" என்று சொல்லிக் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். ஒரு கண்காட்சியில் மேஜை போட்டோம். வந்தவர்கள் எல்லாம் பக்கத்து மேஜைக்கு வழி கேட்டவர்கள். ஓர் ஆபீசில் எங்களை விளக்கு ரிப்பேருக்கு வந்தவர்கள் என்று நினைத்து ஏணியை எடுத்துக் கொடுத்தார்கள். பார்ட்னர் ஏறியும்விட்டார். விளக்கை மாட்டிவிட்டால் ஐந்து நிமிஷமாவது நம் பேச்சைக் கேட்பார்கள் என்று அவருக்கு ஆசை.

கம்பெனியை மூடிவிடலாம் என்று முடிவான சமயத்தில் பார்ட்னர் பழைய சோதனைப் பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். உன்னுடையதைக் கேட்டவர் காதிலிருந்து எடுக்கவே இல்லை. "இதுதான்யா நம்ம டெமோ" என்றார். நான் வேண்டாம் என்றேன். ஒரு தரம்தான் வேண்டாம் என்றேன். மறுநாள் ஓர் ஆபீசில் போட்டோம். யாரும் காபியைத் தொடவில்லை.

உன் பேரைச் சொல்லவில்லை. உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் முதலில் சிரிப்பாய், அப்புறம் முடியாது என்பாய். அதனால் கேட்கவில்லை. மற்றபடி சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. உன் போனில் அதைப் போட்ட அன்றைக்கே 'சம்மதம்' என்ற பொத்தானை அமுக்கியாகிவிட்டது.

கப்பல்களுக்கெல்லாம் இன்டர்நெட் கொடுக்கிற பெரிய கம்பெனி ஒன்று நம் சாஃப்ட்வேரை எடுத்துக்கொள்ள வந்திருக்கிறது. இது நடந்துவிட்டால் நாங்கள் பிழைத்துக்கொள்வோம். நான் கூப்பிடுகிறேன். ஒரு தரம் போனை எடு, அக்கா.

தம்பி

*

பிப்ரவரி 24

தம்பிக்கு,

ஏணிக் கதையைப் படித்துச் சிரித்தேன். சிரித்தேன் என்பதற்காக எதுவும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. சாவு வீட்டில்கூடச் சிரித்துத் தொலைக்கிற ஜென்மம் நான்.

'அமுக்கியாகிவிட்டது' என்று எழுதியிருக்கிறாய். தானாகவா அமுங்கியது? எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் ஒரு சட்டையில் பொத்தான் மாட்டக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். போனைக் கொடு என்றாய், கொடுத்தேன். இங்கிலீஷில் என்னவோ முழ நீளத்துக்கு ஓடியது. "என்னடா இது, இவ்வளவு எழுதியிருக்கான்?" என்றேன். "ஒண்ணுமில்லைக்கா, சும்மா ஒரு இதுக்கு" என்று நீயே அமுக்கினாய். உன் விரல் கொடுத்த சம்மதத்தை என் தலையில் கட்டாதே.

சரி, அது போகட்டும். அந்த மெஷினில் என் சிரிப்பு மூட்டை மூட்டையாகக் கிடந்திருக்குமே. ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டியிருந்தால் நானே வந்து உன்னோடு நின்று விற்றுக் கொடுத்திருப்பேன். போயும் போயும் அதையா எடுத்தாய்?

அது என்ன என்று உனக்குத் தெரியாது. சொல்கிறேன்.

அன்றைக்கு மதியம் கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு உன் மாமாவோடு பேசினேன். "கேப்டன் ரொம்பக் கேட்டுக்கிட்டாரு, இன்னும் ஒரே ஒரு பயணம் போயிட்டு வந்துடறேன்" என்றார். "தாராளமாப் போங்க, நீங்க வந்தா எனக்குத்தான் கூட ஒரு ஆளுக்குத் துவைக்கிற வேலை" என்றேன். உப்பை வைத்துக் கிண்டல் செய்தேன். நானே சிரித்தேன். சிரிப்பு முடிகிற இடத்தில் எதுவோ தடுக்கிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவர் "அழாதே" என்று சொல்லவில்லை. "என்ன ஆச்சு?" என்று கேட்கவில்லை. போனை வைத்துவிட்டும் போகவில்லை. நான் அழுது முடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். லைன் இருக்கிறது என்று போனில் காட்டுகிற பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டு "சரி, வச்சிடறேன்" என்றேன், வைத்தேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் எனக்குக் கொடுத்ததிலேயே அதுதான்டா உசத்தி. அப்புறம் அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து, "இந்தப் பயணத்தோட போதும், ஊருக்கே வந்துடறேன்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியுமே.

என் சிரிப்பு ஊருக்கெல்லாம் பொது. கடைக்கு வருகிறவன் போகிறவன் எல்லாரும் அள்ளிக்கொண்டு போகலாம். அந்த அழுகை ஒன்றுதான் ஒரே ஓர் ஆளுக்கு என்று இருந்தது. அதைக் கொண்டுபோய்க் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாய்.

எடுத்துவிடு. எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடு. அதுவரைக்கும் என் குரல் உனக்குக் கிடையாது. எழுத்துதான். இதை யாருக்கும் போட்டுக் காட்ட முடியாது பார்.

அக்கா

*

மார்ச் 6

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து பார்ட்னரோடு சண்டை. எடுத்துவிடலாம் என்றேன். "உங்க அக்காவை எனக்குத் தெரியாதா? ரெண்டு நாள் முறைப்பாங்க, மூணாம் நாள் என் டையைப் பிடிச்சு இழுத்துக் கிண்டல் பண்ணுவாங்க" என்றார். அவருக்கு உன் மேல் பிரியம்தான். அதனால்தான் புரியவில்லை.

எடுக்க முடியாத நிலைமை, அக்கா. வாங்குகிற கம்பெனி அந்தப் பதிவை அவர்கள் இன்டர்நெட் கொடுக்கிற கப்பல்களுக்கெல்லாம் மாதிரியாக அனுப்பிவிட்டது. எங்களைக் கேட்கவில்லை. நாங்கள் உன்னைக் கேட்காத மாதிரி என்று நீ சொல்வாய். சொல்.

பார்ட்னர் ஒரு யோசனை சொல்கிறார். அதே மாதிரி இன்னொரு தரம் பேசிக் கொடுத்தால் பழையதை எடுத்துவிட்டு அதைப் போட்டுவிடலாம் என்கிறார். நிஜமாக அழ வேண்டாம். உனக்கு வேஷம் கட்டுவது கை வந்த கலைதானே? பக்கத்துக் கடைக்காரர் மாதிரி நீ பேசிக் காட்டினால் அவரே திரும்பிப் பார்ப்பாரே.

அது பிடிக்கவில்லை என்றால், இன்னொன்று. அந்தக் கம்பெனியில் இந்த வியாபாரத்தைக் கவனிக்கிற அம்மா ஒருவர் உன்னை நேரில் பார்க்க ஆசைப்படுகிறார். புது சாஃப்ட்வேரை வெளியிடுகிற கூட்டத்தில் நீ மேடையில் உட்கார வேண்டுமாம். மாமாவும் வந்தால் இன்னும் நல்லதாம். அந்த அம்மாவே கடைக்கு வருவார். நல்லவர். கொஞ்சம் சரியாகப் பேசு.

இப்போது இருக்கிற வடிவம் ரொம்ப நன்றாக வேலை செய்கிறது. இதை நம்பு. ஆனால் எதிரில் போட்டுக் காட்டினால் "அப்படியா" என்கிறார்கள், உன் குரலைக் கேட்டால்தான் கையெழுத்துக்குப் பேனாவைத் தேடுகிறார்கள். நான் என்ன செய்யட்டும்? நாங்கள் இதற்காகத் தூங்காத தூக்கம் உனக்குத் தெரியாதா?

தம்பி

*

மார்ச் 15

தம்பிக்கு,

உன் டைக்காரனிடம் சொல். பழைய அழுகைக்குப் பதிலாகப் புது அழுகை தைத்துத் தரச் சொல்கிறாரே, அளவு கொடுத்தனுப்பச் சொல். மூக்குறிஞ்சுவது எத்தனை இடத்தில் வேண்டும்? விம்மல் உள்பக்கமாகவா, வெளிப்பக்கமாகவா? கொஞ்சம் பிடித்துத் தைக்கவா, லூசாக விடவா? துவைத்தால் சாயம் போகுமா என்று என்னைக் கேட்கக் கூடாது.

இப்படி ஒரு பக்கம் எழுதி உன்னைக் கடித்துக் குதறிவிட்டு ஒட்டி அனுப்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குள் உன் மாமா கூப்பிட்டார். துறைமுகத்தில் இறங்கி, சாதாரண போனில்.

"ஏம்மா, உன் குரல் எங்க சாப்பாட்டு ஹால்ல டிவியில வருது" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"பசங்க எல்லாம் 'பாவம், யாரோ'ன்னாங்க. நான் யாருன்னு சொல்லலை. பாத்திரத்தைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தேன்." அப்புறம் கேட்டார்: "நீ எப்பம்மா அழுத?"

"எப்பவா? அன்னைக்கு நீங்கதானே கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"இல்லையேம்மா. உப்புக் கிண்டலோட லைன் போயிடுச்சே. நாலு தரம் ஹலோ ஹலோன்னு கத்திப் பாத்தேன். சரி, அவளுக்கு வேலை வந்திருக்கும்னு போய் வெங்காயம் உரிச்சேன்."

வெங்காயம் உரித்திருக்கிறார், தம்பி. ஒரே நேரத்தில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். எனக்கு அவருக்காக, அவருக்கு வெங்காயத்துக்காக.

"அப்போ, இதோட போதும்னு ஊருக்கு வர்றேன்னது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"முட்டி வலிம்மா. சொன்னா நீ கிண்டல் பண்ணுவேன்னுதான் சொல்லலை."

கிண்டல் செய்தேன். "அம்பது வயசுலேயே ஆணி கழண்டுடுச்சா?" என்றேன். அவரும் சிரித்தார். போனை வைத்துவிட்டுக் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். அந்தப் பக்கத்தில் அன்றைக்கு யாருமே இல்லை. காலி அறையைப் பார்த்து அழுதிருக்கிறேன். அதை இத்தனை நாள் பெரிய சீதனம் மாதிரி பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.

மூச்சு வரைக்கும் போய்ச் சேரும் என்று நீ ஊர் ஊராகப் போட்டுக் காட்டினாயே, அது போய்ச் சேரவே இல்லை. உனக்கு அது தெரியுமா? பதிலுக்கு ஒரு முழுக் கடிதம் வேண்டாம். ஒரு வார்த்தை போதும்.

அக்கா

*

மார்ச் 22

அக்காவுக்கு,

தெரியும்.

ஒரு வார்த்தை போதும் என்றாய், ஆனால் என்னால் இத்தோடு நிறுத்த முடியவில்லை. பதிவு உன் போனிலேயே ஆகிவிட்டது. கப்பல் பக்கம் எதுவும் போகவில்லை. லைன் அறுந்த பிறகும் பச்சை விளக்கு எரிந்தது எங்கள் தப்பு. உன் அழைப்பை வைத்துத்தான் அந்தத் தப்பையே கண்டுபிடித்தேன். லைன் அறுவது, விளக்கு ஏமாற்றுவது, இரண்டையும் சரிசெய்த பிறகுதான் இது உருப்படியான சாஃப்ட்வேர் ஆயிற்று. இப்போது நிஜமாகவே போய்ச் சேர்கிறது. சத்தியமாக.

"கப்பல்ல கேட்டதுதானான்னு யாரும் கேக்கப்போறதில்லை, நாமளா சொல்லணுமா?" என்றார் பார்ட்னர். நான் பேசாமல் இருந்துவிட்டேன். மாமாவுக்கு லைன் போனது தெரிந்திருக்கும், உன்னிடம் எப்போதோ சொல்லியிருப்பார் என்றுதான் நினைத்தேன். நீ அதை அப்படி வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது. உன் பிப்ரவரிக் கடிதத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? "அக்கா, அந்தப் பக்கம் ஆளே இல்லை" என்றா?

இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அந்தக் கம்பெனி அம்மா அடுத்த வாரம் உன்னைப் பார்க்க வருகிறார். இது மட்டும் வெளியே தெரிந்தால் எல்லாம் முடிந்தது. எட்டுப் பேர் என்னை நம்பி அந்த டயர் கடை மாடியில் வேலை பார்க்கிறார்கள். கையெழுத்தானதும் உண்மையை நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன். அதுவரைக்கும் மட்டும். நீ பொய் சொல்ல வேண்டாம். சிரித்துக்கொண்டிரு, அது போதும்.

தம்பி

*

ஏப்ரல் 4

தம்பிக்கு,

உன் மாமா வந்து சேர்ந்துவிட்டார். முட்டியில் துணியைக் கட்டிக்கொண்டு வீடு முழுக்கச் சமைக்கிறார். முப்பது பேருக்குச் சமைத்த கை, இரண்டு பேருக்கு இறங்க மாட்டேன் என்கிறது. தெருவே சாப்பிடுகிறது.

அந்த அம்மா முந்தாநாள் வந்தார். நீ சொன்ன மாதிரி நல்லவர்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, துணி மூட்டையைத் தானே தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டார். "நீங்க பேசினதைக் கேட்டுட்டு அன்னைக்கே எங்க அம்மாவுக்குப் போன் பண்ணினேன்க்கா. அவங்ககிட்ட பேசி ரொம்ப நாளாச்சு" என்றார்.

நான் உனக்காகப் பொய் சொல்வதாகத்தான் இருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மெஷினை எட்டி உதைத்தேன், உன்னைத் திட்டாத திட்டு இல்லை. அப்புறம் உட்கார்ந்து என்ன சொல்லலாம் என்று ஒத்திகையும் பார்த்தேன். உன்னைத் தூக்கி வளர்த்த இடுப்பு, அதற்கு உன் மேல் தனியாக ஒரு முட்டாள்தனம் இருக்கிறது. உன் மாமாவிடமும் சொல்லி வைத்தேன். "சரி, நம்ம பையன்தானே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மேடை, மாலை என்று அந்த அம்மா பேசிக்கொண்டிருந்தார். நானும் சிரித்துக்கொண்டே இருந்தேன், உன் உத்தரவுப்படி. நடுவில் உன் மாமா காபி கொண்டுவந்து வைத்தார். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "சார், நீங்கதானா அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டு இருந்தது? அவங்க அழுதப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்றார்.

உன் மாமா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் காப்பி அடித்து மாட்டிக்கொண்ட பையன் மாதிரி நின்றார். "அது வந்து... அப்ப... எனக்கு..." என்று இழுத்தார். கண்டுபிடித்துச் சொல்லத்தான் பார்த்தார், பாவம். உனக்காக அவர் ஒரு சோகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்குக் கிடைக்காததை இப்போது என் எதிரிலேயே பொய்யாகச் செய்துகொடுக்கப் பார்த்தார். அவர் என்ன சொல்லியிருந்தாலும் அழகாகத்தான் இருந்திருக்கும். சாகிற வரைக்கும் அதை நான் மறந்திருக்க மாட்டேன். பொய் என்று தெரிந்தும் மறந்திருக்க மாட்டேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அவருக்குக் கேக்கவே இல்லைம்மா" என்றேன்.

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. முழுசாகச் சொன்னேன். லைன் போனது, பச்சை விளக்கு, வெங்காயம், எல்லாம். வெங்காயத்தைச் சொல்லும்போது வழக்கம் போல எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பேசவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. முன்பின் தெரியாதவர்.

அப்புறம், "இப்பவாவது அந்தச் சாஃப்ட்வேர் நிஜமா வேலை செய்யுதாக்கா?" என்று கேட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் பேசுற ஆள் வீட்டுலேயே இருக்காரே" என்றேன். "என் தம்பி செய்யுதுன்னு சொல்றான். அவன் சொன்னதை அப்படியே நம்பாதீங்க. கடல்ல இருக்கிற யாரையாவது நீங்களே கூப்பிட்டுப் பாருங்க. இந்தப் பக்கம் நீங்க உக்காருங்க, அந்தப் பக்கம் உங்க ஆள் ஒருத்தர் உக்காரட்டும். கேட்டா கேட்டுது, இல்லைன்னா இல்லை." அந்தப் பதிவை எல்லாக் கப்பலிலிருந்தும் எடுத்துவிடும்படியும் அவரிடமே சொன்னேன். அங்கேயே போனை எடுத்துப் பேசினார். பொத்தானைத் தேடவில்லை, உன் மாதிரி சுற்றி வளைக்கவில்லை. எடுத்தாகிவிட்டது.

உன்னிடம் என்ன பேசினார், கையெழுத்துப் போட்டாரா, சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்த்தாரா, எதுவும் எனக்குத் தெரியாது. அந்த எட்டுப் பேர் நினைப்பு எனக்கும் இருக்கிறது. நம் சாமான் நல்லது என்றால் அதுவே எழுந்து நிற்கும். நிற்காவிட்டால் அதற்கு என் மேல் கோபப்படு, பரவாயில்லை. என் கோபத்துக்குத் துணையாக இருக்கும்.

நேற்று ஊசியில் நூல் கோக்கக் கொஞ்சம் மூச்சைப் பிடித்தேன். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, அந்த முட்டியை வைத்துக்கொண்டு, "என்னம்மா? என்ன ஆச்சு?" என்று உன் மாமா ஓடி வந்தார். இரண்டு நாளாக இதே கூத்துதான். நான் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் போதும், வந்து எதிரில் நிற்கிறார். நிம்மதியாக ஒரு காலர் தைக்க முடியவில்லை.

நீ நேரில் வரலாமா என்று அவரிடம் போனில் கேட்டாயாம். வா. வேண்டாம் என்று சொல்ல முடியாது, இது உன் வீடும்தான். சாப்பாடு தெருவுக்கே இருக்கிறது, உனக்கு இல்லாமலா? ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு வா. உள்ளே நான் யாரோடாவது பேசிச் சிரிக்கிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு அக்கா சரியாகிவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. கதவை உன் மாமா திறப்பார். நான் திறக்க மாட்டேன்.

அக்கா